பேரிடர் நிவாரணப் பணியும் ஜமாஅத்தின் முன்னேற்பாடும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே. ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டு நிறைவேறிய பின்னர், சமய அமைப்புகள் பேரிடர்க் காலங்களில் தொண்டு புரிவதற்கு நிதியைத் திரட்டும் முறையையும், அப்பணியை நடத்தும் முறையையும் பற்றிச் சில கருத்துகளை இங்கு முன்வைக்க விழைகிறோம். இறுதியில் இப்பொதுக்குழுவின் முடிவுக்கு ஐந்து கோரிக்கைகளும் உள்ளன. எனவே இதனை வெறும் சொற்பொழிவாகக் கொள்ளாமல், ஒரு தீர்மானத்திற்கான முன்னுரையாகக் கொள்ள வேண்டுகிறோம்.

கடல் கற்பித்த பாடம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையின் ஜமாஅத்தினர், சுற்றியுள்ள மீனவச் சிற்றூர்களிலிருந்து உடுத்த துணியுடன் ஓடிவந்த மக்களுக்கு அன்றே உணவும் தங்குமிடமும் அளித்தனர். வந்தவர் எந்தச் சமயத்தவர் என்ற கேள்வி அங்கு எழவில்லை. அரசு இயந்திரமும் தொலைதூர நிறுவனங்களும் வந்து சேர்வதற்கு முன்பே, அருகிலிருந்த பள்ளிவாசல் விழித்துக்கொண்டது.

அதே நாள்களில் நாகப்பட்டினத்தின் சாலையோரங்களில் வேறொரு காட்சியும் இருந்தது. நாடெங்கிலுமிருந்து லாரிகளில் வந்திறங்கிய பழந்துணிகள் உடுத்துவாரின்றி மலைமலையாகக் குவிந்து கிடந்தன. பின்வந்த மாதங்களில் சில ஊர்களில் தேவைக்கு மேல் படகுகள் வழங்கப்பட்டன. ஆனால் படகும் வலையும் இல்லாத இருளர் குடும்பங்களும் விவசாயக் கூலிகளும் பல பட்டியல்களில் இடம்பெறாமலே போயினர். அனுப்பியவர்களின் நல்லெண்ணத்தில் குறையேதும் இல்லை. யாருக்கு எது எப்பொழுது தேவை என்று கேட்டறிந்து சொல்லும் ஏற்பாடுதான் இல்லாதிருந்தது. இதனை உணர்ந்தே 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்று மாவட்ட நிர்வாகத்துடன் இணைந்து இயங்கத் தொடங்கியது.

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் சென்னை மூழ்கியபோதும், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும், பள்ளிவாசல்களின் கதவுகள் அனைவருக்கும் திறந்தன. இரக்கம் நம்மிடம் குறைவின்றி உள்ளது. நம்மில் பலரிடம் இன்னும் இல்லாதது முன்னேற்பாடு. நிவாரணத்திற்கென முன்னரே ஒதுக்கிய நிதியும், பயின்ற தொண்டர்களும், பொதுவில் வைக்கத்தக்க கணக்கும் ஆகிய இம்மூன்றும் இல்லாத இரக்கம், முதல் மூன்று நாள்களில் தீர்ந்துபோகிறது. நாம் இன்று சொல்ல வந்தது இதுவே.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் முன்மாதிரி

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் அரபு மண்ணில் மழை பொய்த்துக் கடும் பஞ்சம் தலைவிரித்தாடியது. புழுதி சாம்பலைப்போல் பறந்ததால் அவ்வாண்டு ‘ஆமுர் ரமாதா’, அதாவது சாம்பல் ஆண்டு, என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. மதீனாவை நோக்கி வந்த நாட்டுப்புற மக்களுக்காக உமர் (ரலி) அவர்கள் செய்த ஏற்பாடுகளைக் கவனியுங்கள். வளமான பகுதிகளின் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதி உணவுப் பொருள்களை வரவழைத்தார்கள். பொதுச் சமையல் நடத்தினார்கள். உண்ண வந்தவர்களையும், வர இயலாது தங்குமிடங்களில் கிடந்தவர்களையும் தனித்தனியே எண்ணிக் கணக்கெடுக்கச் செய்தார்கள். அவ்வாண்டு ஜகாத் வசூலை ஒத்திவைத்தார்கள். மக்களுக்குக் கிடைக்காத நெய்யைத் தாமும் உண்ண மறுத்தார்கள். வெளியூர் உதவி, பொதுச் சமையல், கணக்கெடுப்பு, வசூலில் சலுகை, தலைமையின் தன்னொறுப்பு என்று நிவாரண நிர்வாகத்தின் கூறுகள் யாவும் ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பே நம் முன் வைக்கப்பட்டுவிட்டன. புதிதாக எதையும் இரவல் பெற வேண்டிய நிலையில் நாம் இல்லை.

பிறர் நிதி திரட்டும் முறை

ஆயினும் நல்லது எங்கிருப்பினும் அதனை அறிந்துகொள்வது நம் மரபே. தைவான் நாட்டின் ஹுவாலியன் நகரில் 1966ஆம் ஆண்டு செங் யென் என்னும் பௌத்தப் பெண் துறவி ‘ட்ஸு ச்சி’ என்ற அறப்பணி அமைப்பைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் 30 இல்லத்தரசிகள். அவர்கள் செய்ததெல்லாம், சந்தைக்குப் புறப்படுமுன் நாள்தோறும் அரை தைவான் டாலரை ஒரு மூங்கில் குழாயில் போட்டு வைத்தது மட்டுமே. மாதத்திற்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்டபோது, நாள்தோறும் ஈகை எண்ணம் உள்ளத்தில் எழ வேண்டும் என்பதே நோக்கம் என்று அத்துறவி விளக்கினார். அந்த மூங்கில் குழாயிலிருந்து வளர்ந்த அமைப்பு, 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்திலும் இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் குடியிருப்புகளைக் கட்டித் தந்தது. ஆச்சேயில் அவ்வீடுகளைப் பெற்றவர்கள் நம் முஸ்லிம் சகோதரர்கள். அந்த அமைப்பின் தொண்டர்கள் வெளிநாட்டுப் பணிக்குச் செல்லும்போது பயணச் செலவைத் தாமே ஏற்கின்றனர். நன்கொடைப் பணம் பாதிக்கப்பட்டோருக்கே செல்ல வேண்டும் என்பது அவர்களின் கட்டுப்பாடு.

அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் கிறிஸ்தவ சபையினர் மாதந்தோறும் ஒருநாள், வழக்கமாக முதல் ஞாயிறன்று, இரண்டு வேளை உணவைத் தவிர்த்து நோன்பிருக்கின்றனர். அவ்வுணவின் மதிப்பைச் சபையின் ஏழையர் நிதிக்குச் செலுத்துகின்றனர். நோன்பையும் ஈகையையும் இணைத்துப் பழகிய நமக்கு இது அயலான செய்தியன்று. அச்சபையின் தொண்டு அமைப்பு, ஆழிப்பேரலைக்குப் பின் ஆச்சேயில், 1984ஆம் ஆண்டு பிர்மிங்ஹாமில் தொடங்கப்பட்ட இஸ்லாமிக் ரிலீஃப் நிறுவனத்துடன் இணைந்து பணியாற்றியது. சீக்கியர்கள் வருவாயில் பத்தில் ஒரு பங்கை ‘தஸ்வந்த்’ என்று ஒதுக்குகின்றனர். நாள்தோறும் லங்கர் சமையல் நடத்திப் பழகிய கைகள் என்பதால், பேரிடர்க் களத்தில் அடுப்பு மூட்டுவது அவர்களுக்குப் புதிய வேலையாக இருப்பதில்லை.

இவற்றில் ஒரு பொது உண்மை அடங்கியுள்ளது. பேரிடர் நாளில் உண்டியல் ஏந்துவதை மட்டும் நம்பி இவ்வமைப்புகள் நிற்கவில்லை. சிறு தொகை, தவறாத வழக்கம், முன்னரே சேர்ந்த கையிருப்பு என்பதே அவற்றின் வலிமை. நம் மஹல்லாவைப் போன்ற ஓர் ஊரில் 500 வீடுகள் நாளொன்றுக்கு 2 ரூபாய் ஒதுக்கினால், ஓராண்டில் 3,65,000 ரூபாய் சேரும். எவருடைய அடுப்பும் அதனால் அணைந்துவிடாது.

பணியை நடத்தும் முறை

நிதிக்கு அடுத்தது ஆளும் பயிற்சியும். அமெரிக்காவின் தென்பகுதி பாப்டிஸ்ட் திருச்சபையினர் 1967ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தைப் பியூலா என்னும் சூறாவளி தாக்கியபோது சிறு அடுப்புகளில் சமைத்துக் கொடுக்கத் தொடங்கினர். பின்னர் பெரிய நடமாடும் சமையற்கூடங்களை அமைத்தனர். உணவுப் பொருளைச் செஞ்சிலுவைச் சங்கம் தரும். சமைப்பது இவர்கள் பணி. சமைத்ததை வண்டிகளில் எடுத்துச் சென்று வழங்குவது மீண்டும் செஞ்சிலுவைச் சங்கத்தின் பணி. தொண்டர்கள் முன்கூட்டியே பயிற்சி பெற்றவர்கள். 1950ஆம் ஆண்டு தொடங்கிய மென்னோனைட் சபையினரின் பேரிடர்ப் பணி அமைப்பு மற்றொரு வழியைத் தேர்ந்தது. ஏனையோர் கலைந்து சென்ற பின்னரும் தங்கி, இடிந்த வீடுகளைக் கட்டித் தருவதே அதன் தனிச்சிறப்பு. அனைவரும் அனைத்தையும் செய்ய முற்படாமல், தமக்கு நன்கு வரும் ஒன்றைத் தேர்ந்து, அதனை முறையாகச் செய்கின்றனர்.

அவ்வாறாயின் நமக்கு நன்கு வருவது எது? இதற்கு விடை நம் பள்ளிவாசலுக்குள்ளேயே இருக்கிறது. ரமலான் மாதத்தில் 30 நாள்களும் நாம் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம். நூற்றுக்கணக்கானோருக்கு, குறித்த நேரத்தில், ஒரு நாளும் தவறாமல் அது சென்று சேர்கிறது. பெரிய தேக்சாக்களும், அடுப்புகளும், அளவறிந்த சமையற்காரர்களும், தூக்குப் பாத்திரங்களுடன் வரிசையில் நிற்போருக்கு ஊற்றிப் பழகிய இளைஞர்களும் நம்மிடம் உள்ளனர். நிவாரணச் சமையற்கூடம் என்பது இதுவன்றி வேறென்ன? அவ்வாறே ஆழ்துளைக் கிணறும், ஒலிபெருக்கியும், வீடுதோறும் சந்தா வாங்கும் பதிவேடும் நம்மிடம் உள்ளன. எந்த வீட்டில் முதியவர் தனித்திருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை உள்ளது என்பதை அப்பதிவேட்டில் ஒரு பத்தி கூட்டினால் அறிந்துகொள்ளலாம்.

மய்யித்துகளைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு அடக்கம் செய்யும் பயிற்சியும் நம் இளைஞர்களுக்கு உண்டு. கொரோனா பெருந்தொற்றின்போது, உறவினரே அஞ்சி விலகிய உடல்களைப் பாதுகாப்பு உடையணிந்து அவரவர் சமய முறைப்படி அடக்கமும் தகனமும் செய்வித்த முஸ்லிம் தொண்டர்களை நாடு கண்டது. 2019 ஆகஸ்டில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கவளப்பாறையில் நிலம் சரிந்து 59 பேர் புதையுண்டபோது, மருத்துவமனை தொலைவில் இருந்ததால், போத்துக்கல் பள்ளிவாசலின் தொழுகைக் கூடமே பிரேதப் பரிசோதனைக்காகத் திறந்துவிடப்பட்டது. மதரஸா மாணவர்களின் மேசைகளும் பெஞ்சுகளும் அதற்குப் பயன்பட்டன. இறந்தோரில் பல சமயத்தவரும் இருந்தனர். மஸ்ஜிதின் கண்ணியம் அதனால் உயர்ந்ததேயன்றிக் குறையவில்லை.

எனினும் பள்ளிவாசலைத் தங்குமிடமாக்குவதற்கும் அளவு உண்டு. தங்குமிடத்தில் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம், நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது நிவாரணப் பணியாளர்கள் உலகெங்கும் பின்பற்றும் குறைந்தபட்ச அளவு. 200 பேரைத் தங்க வைக்க வேண்டுமாயின் 700 சதுர மீட்டர் இடமும், நாள்தோறும் 3,000 லிட்டர் தண்ணீரும், 10 கழிப்பறைகளும் வேண்டும். பெண்களுக்குத் தனி இடமும் தனி வழியும் வேண்டும். நம் பள்ளி, மதரஸா, திருமண மண்டபம் மூன்றையும் அளந்து, எத்தனை பேரைக் கண்ணியமாகத் தங்க வைக்கலாம் என்பதை மழைக்காலத்திற்கு முன்பே எழுதி வைப்பதுதான் அறிவுடைமை.

எந்த நிதியிலிருந்து?

இங்கு ஒரு நுட்பமான கேள்வி எழுகிறது. இதனைத் தெளிவாக்காமல் செய்யும் எந்த ஏற்பாடும் நிலைக்காது. நம் ஜமாஅத்தின் கையில் வரும் பணம் ஒரே தன்மையுடையதன்று. ஜகாத், ஃபித்ரா, ஸதகா, குர்பானித் தோல் தொகை, வக்ஃபு வருமானம், சந்தா என்று அது பலவகைப்படும்.

ஜகாத்திற்குரியவர்கள் எட்டு வகையினர் என்பதைத் திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் 60ஆம் வசனம் வரையறுத்துள்ளது. ஏழைகள், வறியவர்கள், கடன்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோர் அவ்வெட்டில் அடங்குவர். வெள்ளத்தில் அனைத்தையும் இழந்த முஸ்லிம் குடும்பம் ஜகாத் பெறத் தகுதியுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜகாத் பெறுபவரின் உடைமையாக்கப்பட வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிபந்தனை. எனவே தேக்சா வாங்கவும், படகு வாங்கவும், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றவும் ஜகாத் பணத்தை எடுத்துவிட இயலாது. பிற சமயச் சகோதரர்களுக்கு ஜகாத்திலிருந்து வழங்குவதையும் பெரும்பான்மையான அறிஞர்கள் ஏற்கவில்லை. அதனால் அவர்களுக்கு உதவக் கூடாது என்பதன்று பொருள். அவர்களுக்கான வாசல் ஸதகா. ஸதகாவுக்குச் சமய எல்லை கிடையாது. வக்ஃபு வருமானமோ, வக்ஃபு செய்தவர் குறித்த நோக்கத்திற்கு மட்டுமே உரியது.

பேரிடர் நாளில் அனைத்தையும் ஒரே பெட்டியில் போட்டு, ஒரே கையால் அள்ளிக் கொடுத்தால், ஜகாத் கொடுத்தவரின் கடமை நிறைவேறியதா என்ற பொறுப்பு நிர்வாகிகளின் கழுத்தில் விழும். ஆகவே அனைத்து மக்களுக்குமான நிவாரணத்திற்கு ஸதகாவிலிருந்து ஒரு தனி வைப்பு நிதி, அதற்கெனத் தனி வங்கிக் கணக்கு, தனி ரசீதுப் புத்தகம் ஆகியன இன்றியமையாதவை. விவரமான ஃபத்வாவை நம் உலமாக்களிடம் எழுத்தில் பெற்றுக் கோப்பில் வைப்பது நலம்.

வெளிநாடு வாழ் நம் சகோதரர்களின் உதவி பற்றியும் ஒரு சொல். இந்தியக் குடியுரிமையுடன் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பணிபுரிபவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. ஆனால் பிற நாட்டுக் குடியுரிமை பெற்றவர், நம் ஊரிலேயே பிறந்தவராயினும், அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையே ஆகும். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இன்றி அதனைப் பெறுதல் கூடாது. அன்பினால் வந்த பணம் வழக்காக மாறிவிடக் கூடாதல்லவா? எனவே அனுப்புபவரின் குடியுரிமையைக் கேட்டுப் பதிவு செய்வது அவமதிப்பு அன்று. அமானிதத்தைக் காக்கும் எச்சரிக்கை.

எழக்கூடிய இரு வினாக்கள்

நாளை வருமோ வராதோ என்று அறியாத பேரிடருக்காகப் பணத்தை முடக்கி வைப்பதா, இன்று கல்வி உதவிக்கும் குமர்களின் திருமணத்திற்கும் கைநீட்டி நிற்போரை என்ன செய்வது என்று சிலர் வினவக்கூடும். இது நேர்மையான வினா. இதற்கு நாம் கூறும் விடை, வைப்பு நிதிக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்பதே. 500 பேருக்கு ஏழு நாள்கள் உணவும் மருந்தும் அளிக்கத் தேவையான தொகையைக் கணக்கிட்டு, அத்தொகை சேர்ந்தவுடன் மேற்கொண்டு வருவதைக் கல்வி உதவிக்குத் திருப்பிவிடலாம். நன்கொடையாளர் அறிய, ரசீதிலேயே இந்நிபந்தனையை அச்சிட வேண்டும். ஜகாத் நிதியிலிருந்தோ கல்வி நிதியிலிருந்தோ ஒரு காசும் இதற்கு மாற்றப்படலாகாது.

அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டிய பின் இத்தனை ஏற்பாடு எதற்கு என்பது மற்றொரு வினா. ஒட்டகத்தைக் கட்டாமல் விடுவதற்குத் தவக்குல் என்று பெயரில்லை என்பது நாம் சிறுவயதிலேயே மதரஸாவில் பயின்ற பாடம்.

கணக்கும் கண்ணியமும்

நிவாரணப் பணியில் நம்பிக்கை என்பது கணக்கினால் நிலைபெறுவது. வந்த தொகை எவ்வளவு, எந்தப் பொருள் எந்தத் தெருவுக்கு எத்தனை சென்றது, மிச்சம் எங்கே உள்ளது என்பன பணி முடிந்த 30 நாள்களுக்குள் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். பழந்துணி அனுப்ப விரும்புவோரிடம், வேண்டாம் என்று பணிவுடன் கூறும் துணிவும் வேண்டும்.

கணக்கைப் பகிரங்கமாக்கலாம், பெற்றவரைப் பகிரங்கமாக்குதல் ஆகாது. அரிசிப் பையுடன் ஒரு விதவைத் தாயை நிறுத்திப் புகைப்படம் எடுத்துக் கைப்பேசிகளில் சுற்றவிடும் வழக்கம் எங்கும் பரவிவருகிறது. கொடுத்ததைச் சொல்லிக் காட்டி மனத்தைப் புண்படுத்துவது தர்மத்தையே பாழாக்கிவிடும் என்பது திருமறையின் எச்சரிக்கை. நிரம்பிய கிடங்கைப் படம் எடுங்கள். காலியான தேக்சாவைப் படம் எடுங்கள். வாங்கிய கையை விட்டுவிடுங்கள்.

பொதுக்குழுவின் முன் வைக்கும் கோரிக்கைகள்

1. ‘பேரிடர் நிவாரண வைப்பு நிதி’ என்ற பெயரில் ஸதகாவைக் கொண்டு தனிக் கணக்கு தொடங்குதல். விருப்பமுள்ள வீடுகளுக்கு நாள் ஈகைக்கென ஓர் உண்டியல் வழங்குதல்.

2. இளைஞர்களில் 30 பேரைத் தேர்ந்து முதலுதவியும், தீயணைப்புத் துறையினரைக் கொண்டு மீட்புப் பயிற்சியும் அளித்தல். பெண்களுக்கு உதவப் பெண்களையே கொண்ட ஒரு குழு அமைத்தல்.

3. நோன்புக் கஞ்சிப் பாத்திரங்களையும் சமையற்காரர்களையும் கொண்டு நிவாரணச் சமையல் திட்டம் ஒன்றை எழுதி வைத்தல். பள்ளி, மதரஸா, மண்டபத்தின் கொள்ளளவைக் கணக்கிடுதல்.

4. நம் திட்டத்தை வட்டாட்சியரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் முன்கூட்டியே அளித்தல். அண்டைத் தெருக்களின் கோயில், தேவாலய நிர்வாகிகளுடன் அமர்ந்து, யார் எப்பகுதியைக் கவனிப்பது என்று பேசி முடிவு செய்தல். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077ஐப் பள்ளிவாசல் வாயிலில் எழுதி வைத்தல்.

5. ஒவ்வொரு நிவாரணப் பணியின் வரவு செலவையும் இந்த ஆண்டு மலரிலேயே தனிப் பக்கத்தில் அச்சிடுதல்.

இவற்றுள் முதற்கோரிக்கையையேனும் இக்கூட்டம் கலையுமுன் நிறைவேற்றித் தருமாறு வேண்டுகிறோம். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் அக்டோபரில் தொடங்குகிறது. அது நம் அடுத்த பொதுக்குழுவுக்காகக் காத்திருப்பதில்லை.

வல்ல இறைவன் நம் ஊரையும் அண்டை ஊர்களையும் பேரிடர்களிலிருந்து காத்தருள்வானாக! சோதனை வந்துவிட்டால், பிறர் துயர் துடைக்கும் கைகளாக நம் கைகளை ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.